ஆறாம் எண் சட்டைக்குள் ஓர் எட்டு!

கதவை லேசாகத் தள்ளியிருக்கிறேன். சத்தம் போடாமல் எட்டிப் பாருங்கள்.

2019 நவம்பர் 2. ஜப்பானின் யோகோஹாமா. இங்கிலாந்தை 32-12 என்று வீழ்த்தி ரக்பி உலகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது தென்னாப்பிரிக்கா. அவர்களுடைய உடைமாற்றும் அறை தேர்த் திருவிழா மாதிரி இருக்கிறது. அந்த நேரத்தில் வாழ்த்துச் சொல்ல யார் உள்ளே வருகிறார் தெரியுமா? இளவரசர் ஹாரி! தோற்ற நாட்டின் இளவரசர், ஜெயித்தவர்களின் அறைக்குள்! அவருக்குக் கை கொடுக்க நிற்கிறார் ஃபாஃப் டி கிளர்க். பொன்னிறத் தலைமுடி தோளில் புரளும் குட்டி மனிதர். அவர் உடம்பில் இருந்தது தென்னாப்பிரிக்கக் கொடியின் நிறங்களில் ஓர் உள்ளாடை. அவ்வளவுதான்! வேறு ஒரு நூல் கிடையாது. அந்தப் படம் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

எனக்கு மைதானத்தைவிட இந்த அறையைத்தான் பிடிக்கிறது. மைதானத்தில் எண்பது நிமிடம்தான் தெரிகிறது. ஒரு ரக்பி வீரரின் மீதி வாழ்க்கை முழுவதும் இந்தக் கதவுக்குப் பின்னால் நடக்கிறது. அந்த வாழ்க்கையைப் பார்க்க நமக்கு வழிகாட்டி ஒருவர் வேண்டும். அன்று அந்த அறையில் இருந்த ஆறாம் எண் சட்டைக்காரரைவிட நல்ல வழிகாட்டி கிடைக்கமாட்டார். அணியின் கேப்டன், சியா கோலிசி. வாருங்கள், அவர் பின்னாலேயே நுழைந்துவிடுவோம்.

விசிலுக்கு முன்னால்

ஆட்டத்துக்கு முந்தின நாள் நடக்கும் கடைசிப் பயிற்சிக்கு ‘கேப்டன்ஸ் ரன்’ என்று பெயர். பயிற்சியாளர் வாரம் முழுக்கக் கத்தியிருப்பார், வீடியோ போட்டுக் காட்டியிருப்பார், அட்டவணை ஒட்டியிருப்பார். அன்று மட்டும் பொறுப்பு கேப்டன் கையில். யாரும் யாரையும் முட்டுவதில்லை. பந்து கைமாறும் வரிசையை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள், மைதானத்தின் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முகர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்ப்பது மாதிரி.

ஆட்ட நாளன்று அறைக்குள் போனால் முதலில் வருவது வாசனை. வலிக்குத் தேய்க்கும் தைலமும் டேப்பும் கலந்த வாசனை. ஒருவர் மணிக்கட்டில் டேப் சுற்றுகிறார், இன்னொருவர் காதுகளைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறார். காதை எதற்குக் கட்டவேண்டும்? இரண்டு அணியும் முட்டித் தள்ளும் ‘ஸ்க்ரமில்’ தலையோடு தலை உரசி உரசிக் காதுக்குள் ரத்தம் கட்டும். அப்படியே விட்டால் இறுகிப்போய் மடிப்பு மடிப்பாக வீங்கிவிடும். ‘காலிஃபிளவர் காது’ என்றே அதற்குப் பெயர். முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவரை எங்கே பார்த்தாலும் அந்தக் காதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்!

உயரமான ‘லாக்’ ஆட்டக்காரர்களின் தொடையைப் பாருங்கள். அங்கே தடிமனாக டேப் சுற்றியிருக்கும். காயத்துக்கான கட்டு என்று நினைத்துவிடாதீர்கள், அது கைப்பிடி! பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ‘லைன்அவுட்’ வரும். இரண்டு பேர் அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் நூறு கிலோவைத் தாண்டிய மனிதரை ஆகாயத்துக்குத் தூக்குவார்கள். தூக்குபவர் கை நழுவினால் மேலே இருப்பவரின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் மேலே போகிறவர் கீழே பார்ப்பதே இல்லை. பந்தைத்தான் பார்ப்பார்.

சட்டைக்கு உள்ளே, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில், தீப்பெட்டி மாதிரி ஒரு ஜி.பி.எஸ். கருவி. எவ்வளவு தூரம் ஓடினார், எந்த வேகத்தில் ஓடினார் என்று அது கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். பல்லுக்குப் போடும் கவசத்துக்குள்ளும் இப்போது உணர்கருவி இருக்கிறது. தலையில் பலமான அடி விழுந்தால் அது மருத்துவருக்குச் சேதி சொல்லும். உடனே வீரர் வெளியே வரவேண்டும். பன்னிரண்டு நிமிடச் சோதனையில் தேறினால்தான் மறுபடி உள்ளே. இத்தனை சோதனையும் சும்மா வரவில்லை. 2003இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பையை வென்ற ஸ்டீவ் தாம்ப்சன், தனக்கு மறதிநோய் வந்துவிட்டது என்றும், அந்தக் கோப்பையை வென்றது நினைவிலேயே இல்லை என்றும் 2020இல் வெளியே சொன்னார். இந்த ஆட்டத்தைக் கொண்டாடுகிற யாரும் அந்த ஒரு சேதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. நானும் தாண்டிப் போகமாட்டேன்.

எட்டுப் பேர், ஒரே உடம்பு

இப்போது இதுவரை யாரும் உங்களுக்குக் காட்டாத இடத்துக்குப் போகிறோம். ஸ்க்ரமுக்கு உள்ளே!

வெளியிலிருந்து பார்த்தால் பதினாறு எருமைகள் முட்டிக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது வேறு. அணிக்கு எட்டுப் பேர். முன்னால் மூவர். நடுவில் ‘ஹூக்கர்’, இரண்டு பக்கமும் ‘ப்ராப்’. பின்னால் இரண்டு லாக். ஓரங்களில் இரண்டு ‘ஃபிளாங்கர்’. வாலில் ஒருவர். எட்டுப் பேரையும் கூட்டினால் ஏறக்குறைய 900 கிலோ! நடுவர் மூன்றே சொல் சொல்வார். “க்ரவுச்!” எல்லாரும் குனிகிறார்கள். “பைண்ட்!” ப்ராப்கள் எதிரணியின் சட்டையைப் பற்றுகிறார்கள். “செட்!” அவ்வளவுதான், மலையும் மலையும் மோதுகிறது.

நம் ஊர்க் கபடி பார்த்தவர்களுக்கு இந்த ரகசியம் ஏற்கெனவே தெரியும். ரைடரை ஒற்றை ஆளாகப் பிடிக்கப் போனால் அவர் வழுக்கிக்கொண்டு போய்விடுவார். பக்கத்து ஆளின் கையைக் கோத்துக்கொண்டு போனால்தான் பிடி நிற்கும். ஸ்க்ரமும் அப்படித்தான். தள்ளும் வலுவைவிடப் பக்கத்து ஆளைப் பிடித்திருக்கும் பிடிதான் முக்கியம். ஒருவருடைய பிடி தளர்ந்தால் எட்டுப் பேரின் பலமும் பக்கவாட்டில் கசிந்துவிடும்.

யோகோஹாமா இறுதியாட்டம் இப்படித்தான் திரும்பியது. ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே இங்கிலாந்தின் ப்ராப் கைல் சின்க்லர் தலையில் அடிபட்டு வெளியேறினார். தென்னாப்பிரிக்காவின் முன்வரிசையில் நின்றவர் டெண்டாய் ம்டவரிரா. எல்லாரும் அவரை ‘பீஸ்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்க்ரமுக்கு ஸ்க்ரம் இங்கிலாந்து பின்னால் போயிற்று, பெனால்டிக்கு மேல் பெனால்டி விழுந்தது. தென்னாப்பிரிக்காவிலும் இரண்டு பேர் முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியேறினார்கள். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார்? ‘பாம் ஸ்குவாட்’! மாற்று ஆட்டக்காரர் எட்டுப் பேரில் ஆறு பேர் ஸ்க்ரமில் தள்ளும் முன்களப் பெருஉடல்காரர்கள். ஒரு மலை களைத்தால் அதே அளவில் இன்னொரு மலை உள்ளே வரும். கடைசிப் பகுதியில் மகாசோல் மபிம்பியும் செஸ்லின் கோல்பியும் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ஆளுக்கொரு ‘ட்ரை’ அடித்தார்கள். உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா அடித்த முதல் ட்ரைகள் அவைதான். முன்னால் நடந்த இரண்டு இறுதியாட்டங்களை அவர்கள் உதையால் மட்டுமே வென்றிருந்தார்கள்!

செங்கல்தான் கார்

இந்தக் கேப்டன் இந்த அறைக்கு எப்படி வந்தார்? அதற்குப் பின்கட்டு வழியாகப் போகவேண்டும். போர்ட் எலிசபெத் நகரம், இன்றைய பெயர் க்கெபேர்ஹா. அதன் ஓரத்தில் ஸ்விடே என்ற கறுப்பினத்தார் குடியிருப்பு. 1991 ஜூன் 16 அன்று பிறந்தார் கோலிசி. மறுநாளே, இனவாரியாக மக்களைப் பதிவு செய்த நிறவெறிச் சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் வாக்களித்தது. ஒரே ஒரு நாள்தான் இடைவெளி!

அப்பா, அம்மா இருவரும் பதின்ம வயதினர். வளர்த்தது பாட்டி. விளையாட ஒரு செங்கல், அதுதான் அவருடைய கார். சாப்பாடு இல்லாத நாட்களில் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டார். பள்ளிப் பருவம் முடிவதற்குள் அம்மாவும் இல்லை, பாட்டியும் இல்லை.

ஆனால் ரக்பி இருந்தது! தென்னாப்பிரிக்காவில் ரக்பி வெள்ளையர் ஆட்டம் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் கிழக்குக் கேப் பகுதியின் கறுப்பின மக்கள் நூறு வருடத்துக்கும் மேலாக அதை ஆடிவருகிறார்கள். ஸ்விடேயில் ‘ஆப்பிரிக்கன் பாம்பர்ஸ்’ என்ற கிளப்பில்தான் சிறுவன் சியா ஆடத் தொடங்கினான். பன்னிரண்டு வயதில், மோசல் பே ஊரில் ஒரு சிறுவர் போட்டி. ஆடுவதற்கு அரைக்கால் சட்டை இல்லை. உள்ளே போடும் பாக்ஸரோடு களமிறங்கினான் பையன்! அதைப் பார்த்தவர்கள் காலில் இருந்த துணியைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள். நகரத்தின் பெயர்பெற்ற கிரே பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. புதுப் பள்ளியில் ஆங்கிலம் பேச வராது. க்ஸோசா மொழி பேசும் பையனுக்கு வகுப்புத் தோழன் ஒருவன் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தான். அவனுக்கு இவன் க்ஸோசா சொல்லிக்கொடுத்தான்.

அந்தப் பாக்ஸரையும் ஃபாஃப் டி கிளர்க்கின் கொடி நிற உள்ளாடையையும் என்னால் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒன்று இல்லாமையால் போட்டது, இன்னொன்று ஆனந்தத்தால் போட்டது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வந்துசேரப் பதினாறு வருடம் ஆனது.

வேலை என்ற முறையில் பார்த்தால் ரக்பிக்கு வயது குறைவு. தொழில்முறை ஆட்டமாக அது மாறியதே 1995 ஆகஸ்டில்தான். அதற்கு முன்னால் சம்பளம் வாங்கக் கூடாது என்பதே விதி. அந்த மாற்றத்துக்கு இரண்டே மாதத்துக்கு முன்னால், 1995 ஜூன் 24 அன்று, ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் அரங்கில் தென்னாப்பிரிக்கா முதல்முறையாக உலகக் கோப்பையை வென்றது. கேப்டன் பிரான்ஸ்வா பினாரின் எண் பதித்த சட்டையைப் போட்டுக்கொண்டு கோப்பையைக் கொடுக்க வந்தார் நெல்சன் மண்டேலா. அந்த எண் என்ன தெரியுமா? ஆறு!

கோலிசி படி ஏறியது இப்படி: 2012இல் கேப் டவுனின் ஸ்டார்மர்ஸ் அணி. 2013 ஜூன் 15இல், இருபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், நாட்டுக்காக முதல் ஆட்டம். எதிரணி ஸ்காட்லாந்து. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை ஐந்தாவது நிமிடத்திலேயே உள்ளே கூப்பிட்டார்கள், ஒருவர் காயம்பட்டதால். ஆட்டம் முடிந்தபோது ஆட்ட நாயகன் அவர்தான்!

அதற்கு மறுவருடம் அவர் செய்ததுதான் எனக்கு எந்தக் கோப்பையைவிடவும் பெரியது. அம்மா இறந்தபின் காப்பகங்களிலும் வளர்ப்பு வீடுகளிலுமாக இருந்த தன் தம்பியையும் தங்கையையும் தேடிக் கண்டுபிடித்து, சட்டப்படி தன் பிள்ளைகளாகத் தத்தெடுத்துக்கொண்டார்.

எண்ணுக்குள் முகங்கள்

2018இல் பயிற்சியாளர் ராஸி எராஸ்மஸ் அவரைக் கேப்டனாக்கினார். ஸ்பிரிங்பாக் என்று அழைக்கப்படும் தென்னாப்பிரிக்க அணி, ‘டெஸ்ட்’ எனும் நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களை ஆடத் தொடங்கியது 1891இல். அதிலிருந்து அந்த நாள்வரை ஒரு கறுப்பின வீரர் டெஸ்ட் கேப்டனாக இருந்ததில்லை. முதல் ஆட்டம் ஜூன் 9 அன்று, இங்கிலாந்துக்கு எதிராக. எங்கே? அதே எல்லிஸ் பார்க்! எண்? அதே ஆறு! முதல் பாதியிலேயே 3-24 என்று பின்தங்கியது அணி. அரங்கமே இடிந்துபோயிருக்கும். ஆனால் முடிவு என்ன? 42-39, தென்னாப்பிரிக்காவுக்கு வெற்றி! இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது.

ரக்பியில் கேப்டன் வேலை என்பது டாஸ் போடுவதோடு முடிவதில்லை. ஆட்டம் நடக்கும்போது நடுவரிடம் அணி சார்பாகப் பேசும் உரிமை கேப்டனுக்குத்தான். இரண்டு மீட்டர் ராட்சசர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நிற்க, கேப்டன் மட்டும் தனியாகப் போய், குரலை உயர்த்தாமல், மரியாதையோடு கேட்கவேண்டும். பெனால்டி கிடைத்தால் கோலுக்கு உதைப்பதா, எல்லைக்கோட்டுக்கு வெளியே தட்டுவதா, ஸ்க்ரம் கேட்பதா என்று சில நொடிக்குள் முடிவு சொல்லவேண்டும்.

இந்த அணிக்குள் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். 2019இல் சட்டையின் முதுகு எண்ணுக்குள் சின்னச் சின்னப் புகைப்படங்களைப் பதிக்க ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு வீரரும் தன் வீட்டாரின் படங்களைக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். மபிம்பி கொடுத்த படங்களில் இருந்தது அவர் மட்டுமே. ஏன் என்று கேட்டார் எராஸ்மஸ். அம்மா, சகோதரி, சகோதரர் என மூவரையும் இழந்திருந்தார் அவர். கொடுக்க வேறு முகம் இல்லை. ‘சேசிங் த சன்’ என்ற ஆவணத் தொடரில் பயிற்சியாளர் இதைச் சொல்லும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இறுதியாட்டத்தின் முதல் ட்ரையை அடித்தது யார் என்று மறுபடி நினைத்துப் பாருங்கள். அந்த மபிம்பிதான்! அவரைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தார்களே, அந்தக் கூட்டத்தைப் பாருங்கள். வீடு என்பது அதுதானே!

அந்த இறுதியாட்டம் கோலிசிக்கு ஐம்பதாவது டெஸ்ட். அரங்கத்தில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார்.

மூன்று ஆட்டம், மூன்றே புள்ளி

ரக்பி வீரரின் வேலையில் முழங்கால்தான் முதலாளி. அது விடுப்புக் கொடுத்தால் கொடுத்ததுதான். 2023 ஏப்ரலில், டர்பனின் ஷார்க்ஸ் அணிக்காக ஆடும்போது, கோலிசியின் முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தது. செப்டம்பரில் பிரான்சில் உலகக் கோப்பை. நான்கரை மாதம்தான் இருக்கிறது. இவர் இல்லாமல்தான் அணி போகும் என்று எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகான நாட்களில் ஆரவாரம் கிடையாது. கால் மடக்குவது, நீட்டுவது, மறுபடி மடக்குவது. நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதலாக மடங்கினால் அன்று அது ஒரு ட்ரைக்குச் சமம். நான்கு மாதம் முடிவதற்குள், ஆகஸ்ட் 19 அன்று, கார்டிஃப் நகரில் வேல்ஸுக்கு எதிராக ஆறாம் எண் மறுபடி களத்தில் ஓடியது!

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் கதை என்பீர்கள். காலிறுதியில் எதிரணி பிரான்ஸ், சொந்த மண்ணில். ஒரு ட்ரைக்குப் பிறகு கூடுதல் புள்ளிக்காகப் பிரான்சின் தோமா ராமோஸ் உதைத்த ‘கன்வர்ஷனை’, பாய்ந்து வந்து கையால் தட்டிவிட்டார் கோல்பி. அந்த இரண்டு புள்ளி போயிற்று. முடிவு 29-28! அரையிறுதியில் இங்கிலாந்து. முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஸ்க்ரமில் ஒரு பெனால்டி. ஏறக்குறைய மைதானத்தின் நடுவிலிருந்து ஹாந்த்ரே பொலார்ட் உதைக்கிறார். பந்து கம்பங்களுக்கு நடுவே பறக்கிறது. 16-15!

இறுதியாட்டம் நியூசிலாந்தோடு, அக்டோபர் 28. பெஞ்சில் எட்டுப் பேரில் ஏழு பேர் முன்களத்தார். சூதாட்டம் மாதிரி ஒரு துணிச்சல்! நியூசிலாந்துக் கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கினார். இரண்டாம் பாதி தொடங்கியதும் நம் கேப்டனுக்கு மஞ்சள் அட்டை. பத்து நிமிடம் வெளியே! மைதான ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் கோலிசி. வெளியே நடந்த மறுஆய்வு அந்த அட்டையைச் சிவப்பாக மாற்றுமா என்று தெரியவில்லை. அவர் கையில் எதுவுமே இல்லை. உள்ளே இருக்கும் பதினான்கு பேர் கையில்தான் எல்லாம். அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் நியூசிலாந்துக்கு ஒரு புள்ளி விடவில்லை. ஒரு புள்ளியும்! பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்தும் ‘டாக்கிளை’ பீட்டர்-ஸ்டெஃப் டு டோயிட் அன்று மொத்தம் 28 முறை செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் கோல்பியும் மஞ்சள் வாங்கி, பார்க்கத் தைரியமில்லாமல் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசில் ஊதியது. 12-11!

மூன்று ஆட்டத்திலும் ஒவ்வொரு புள்ளி. மொத்தம் மூன்றே புள்ளியில் ஓர் உலகக் கோப்பை!

அதற்குப் பிறகு பாரிஸின் ரேசிங் 92 அணி, அடுத்த வருடமே மறுபடி டர்பன். 2025 நவம்பரில், அந்த உலகக் கோப்பையை வென்ற அதே பாரிஸ் அரங்கில், பிரான்சுக்கு எதிராக நூறாவது டெஸ்ட். பாக்ஸரோடு ஓடிய பையனுக்கு நூறு!

கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு சேதி. சியா என்பது சுருக்கப் பெயர். முழுப்பெயர் சியாம்தண்டா. க்ஸோசா மொழியில் அதற்கு, ‘நாம் இவனை நேசிக்கிறோம்’ என்று பொருள். ‘நான்’ கிடையாது, ‘நாம்’! சர்க்கரைத் தண்ணீர் கரைத்த வீட்டில் அந்தப் பெயரை வைத்தபோது அந்த ‘நாம்’ எத்தனை சின்னக் கூட்டமாக இருந்திருக்கும்! ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த தோழன், தொடையைப் பிடித்துத் தூக்கியவர்கள், ஸ்க்ரமில் இடுப்பைக் கட்டிக்கொண்டவர்கள், அந்தப் பத்து நிமிடம் தாங்கி நின்ற பதினான்கு பேர் என்று அது வளர்ந்துகொண்டே போயிற்று.

அடுத்த முறை தொலைக்காட்சியில் ஸ்க்ரம் வந்தால் பந்தைத் தேடாதீர்கள். கைகளைப் பாருங்கள். யார் யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.